நகமளவு எலும்பு

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒலிபெருக்கியில் அண்ணியின் குரல். மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படுமாம். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அக்கா, எனக்கு நாத்தனார், ஊருக்கு அறிவிப்பாளர். வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் அதே தொனியில்தான் அறிவிப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் சட்டியில் உப்பைச் சரிபார்ப்பார்கள்.

இன்று அந்தக் குரலில் ஏதோ சரியில்லை. ‘புறப்படும்’ கொஞ்சம் மழுங்கி வந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. பத்தொன்பது வருடமாகப் பல் டாக்டர் பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரிந்தது. மேல் உதடு வீங்கியிருக்கிறது. மறுபடியும் அதே இரண்டு முன்பற்கள்தான்.

பிப்ரவரி 11, புதன்

நான்தான் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் டாக்டர் மேடத்தின் நாற்காலியில் உட்கார வைத்தேன். அண்ணிக்குப் பன்னிரண்டு வயதில் உடைந்த பற்கள் அவை. சைக்கிளை ஓட்டியது இவர், பின்னால் உட்கார்ந்திருந்தது அண்ணி. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை வேர் சிகிச்சை, மேலே உறை, உள்ளே கம்பி. இனி பல் வழியாக உள்ளே போக வழியில்லை.

ஸ்கேனில் வேர் நுனிகளைச் சுற்றிப் பட்டாணி அளவு பள்ளம். ஈறைத் திறந்து, எலும்பைத் திறந்து, வேர் நுனிகளை வெட்டி அடைக்க வேண்டும் என்றார் மேடம். பொதுவாக இந்த வேலையில் முன்னால் இருக்கும் எலும்பைக் கடைந்து பொடியாக்கித்தான் உள்ளே போவோம். அண்ணிக்கு வெளிச்சுவர் முழுசாக இருக்கிறது. அதனால் அதிர்கிற மெல்லிய வாளால் அதை ஒரு துண்டாக வெட்டி எடுத்து, உப்புநீரில் போட்டு வைத்து, வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே பொருத்திவிடலாமாம். “ஜன்னல் கதவைக் கழட்டி வச்சு, வேலை முடிஞ்சதும் திரும்ப மாட்டற மாதிரி” என்று அண்ணியிடம் சொன்னார்.

“ஜன்னலும் வேணாம், கதவும் வேணாம். புடுங்கிப் போடுங்க, நான் டியூட்டிக்குப் போறேன்” என்றார் அண்ணி.

நான்தான் சும்மா இருக்கவில்லை. “அண்ணி, பல்லு போனா எலும்பும் கரைஞ்சிடும். அப்புறம் உதடே உள்ள போயிடும். மேடம் எலும்பைக் காப்பாத்திக் கொடுப்பாங்க. நான் பக்கத்துலயேதான நிக்கப்போறேன்?”

அண்ணி என் பக்கம் திரும்பினார். “சரி. நீ சொல்றதால” என்றார். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் சொன்னேன் என்று அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. வியாழக்கிழமைதான் மேடம் அறுவைச் சிகிச்சை செய்வார். அடுத்த வியாழன் என்று குறித்தாகிவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணி வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். “அக்கா வாய்க்குள்ள கை விடற தைரியம் என் பொண்டாட்டிக்குத்தான் இருக்கு” என்றார் இவர்.

“என் வாய்ல துணியை அடைக்கணும்னு இத்தனை வருஷமா ஆசைப்பட்டா. இப்பதான் சான்ஸ் கிடைச்சிருக்கு” என்றார் அண்ணி. எல்லோரும் சிரித்தோம். அண்ணி மட்டும் வழக்கம்போலக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கல்யாணமான புதிதில் யாரோ என்னைப் பற்றி விசாரித்தபோது “டாக்டர்கிட்ட எச்சில் உறிஞ்சற வேலை” என்று அவர் சொன்னதை இன்னும் நான் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதை ஏன் இன்று எழுதுகிறேன்? தெரியவில்லை. வியாழக்கிழமை அந்த வேலையின் அருமை தெரியட்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 20, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மரப்பு ஊசி போட்டாகிவிட்டது. முகம் முழுக்கப் பச்சைத் துணி, வாய்க்கு மட்டும் திறப்பு. மேடம் ஈறை விலக்கினார், வாளால் நான்கு கோடு போட்டார், உளியை வைத்து மெதுவாக நெம்பினார். எலும்பு ஒரே துண்டாக வந்தது. என் சுண்டுவிரல் நகம் அளவு. லேசாக வளைந்து, இளம் மஞ்சளாக. பார்க்கவே அழகாக இருந்தது. “நல்ல கெட்டியா இருக்கு சிஸ்டர், பாத்துக்கோங்க” என்று மேடம் கிண்ணத்தில் போட்டார்.

தட்டில் இரண்டு கிண்ணம். ஒன்றில் கழுவுவதற்கான உப்புநீர், இன்னொன்றில் எலும்பு. இரண்டும் ஒரே அளவு எவர்சில்வர். எங்கள் க்ளினிக்கில் ஒரு பழக்கம் உண்டு. கிண்ணத்து நீர் சிவக்க ஆரம்பித்தால் யாரும் சொல்லக் காத்திருக்காமல் உறிஞ்சு குழாயாலேயே அதைக் காலி செய்து, புது நீர் ஊற்றி வைத்துவிடுவேன். மேடம் ஊசிக்குழாயை நீட்டும்போது எப்போதும் தெளிந்த நீர் இருக்கும். இதற்காக மேடம் என்னைப் பலரிடம் பாராட்டியிருக்கிறார்.

வேர் நுனிகளை வெட்டி, அடைத்து முடித்தாயிற்று. “தண்ணி” என்றார் மேடம். பார்த்தேன், ஒரு கிண்ணத்தில் நீர் சிவந்திருந்தது. எலும்பிலிருந்து கசிந்த ரத்தம் அது. என் கை அதைப் பார்த்தது, நான் பார்க்கவில்லை. அகலக் குழாயை வைத்து ஒரு இழுப்பு. குழாய்க்குள் ‘டக்’ என்று ஏதோ தட்டியது.

“ஐயோ!” என்று கத்திவிட்டேன்.

“என்ன?”

“மேடம்… எலும்பு…”

மேடத்தின் கண் கிண்ணத்துக்குப் போனது, குழாய்க்குப் போனது, என்னிடம் வந்தது. “சத்தம் போடாதீங்க” என்றார். பிறகு, “எலும்புப் பொடி எடுங்க. மேல போடற படலமும் எடுங்க.”

எடுத்தேன். விலைக்கு வாங்கி வைத்திருக்கும் பொடி அது. பள்ளத்தைப் பொடியால் நிரப்பி, படலத்தால் மூடி, தையல் போட்டார். பிறகு நான் உறிஞ்சு குழாயின் வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். கிடந்தது. இரண்டாக உடைந்து, காலையிலிருந்து வந்த அத்தனை பேரின் எச்சிலுக்கும் நடுவில். மேடத்திடம் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

அண்ணியிடம் அவர் சொன்னது: “எலும்பு ரொம்ப மெலிசா இருந்துச்சு. திரும்ப வச்சா நிக்காது. அதனால எலும்புப் பொடி வச்சிருக்கேன்.”

கருவிகள் கழுவும் அறையில் என்னிடம் சொன்னது: “நீங்க எதுவும் பேசாதீங்க சிஸ்டர். பொடியிலயும் எலும்பு வளரும். ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பார்ப்போம். வளர்ந்துட்டா சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.”

“வளரலைன்னா மேடம்?”

“அப்ப நான் பாத்துக்கறேன்.”

பத்தொன்பது வருடம். ஒரு கருவி மாறியதில்லை, ஒரு ஊசி தவறியதில்லை. போயும் போயும் நாத்தனார் எலும்பிலா என் கை விளையாட வேண்டும்? வெளியே தெரிந்தால் வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் சொல்வார்கள். நானே ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். வேண்டுமென்றா செய்தேன்? இல்லை. சத்தியமாக இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அண்ணி வந்தார். மூக்கிலிருந்து உதடு வரை வீக்கம், கண்ணுக்குக் கீழே நீலம். எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்தேன். ஸ்பூனால் மெதுவாகச் சாப்பிட்டார். இவர் கை கழுவப் போயிருந்தபோது, தலையைத் தூக்காமல் கேட்டார்:

“எலும்பு மெலிசா இருந்துச்சுன்னு மேடம் சொன்னாங்களே. நீயும் பார்த்தியா?”

“ஆமா அண்ணி. ரொம்ப மெலிசு. பேப்பர் மாதிரி.”

பேப்பர் மாதிரி என்று யார் என்னைச் சொல்லச் சொன்னது? மேடம்கூட அவ்வளவு சொல்லவில்லை.

“ஓ” என்றார் அண்ணி. மறுபடியும் ஸ்பூனை எடுத்தார்.

பிப்ரவரி 26, வியாழன்

தையல் பிரித்தோம். ஈறு நல்ல இளஞ்சிவப்பு, சீழ் இல்லை. மேடம் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ‘பார்த்தீங்களா’ என்றார். நெஞ்சில் இருந்த கல் அரைக்கல் ஆனது போல இருந்தது. வளர்ந்துவிடும். வளர்ந்துவிட்டால் போதும், இந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

மார்ச் 3, செவ்வாய்

ஒலிபெருக்கியில் பழைய குரல். பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

இவருடைய சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. பேச்சு பல்லுக்குத் திரும்பியது. “இவ மட்டும் இல்லேன்னா அக்கா ரெண்டு பல்லையும் புடுங்கிட்டு வந்திருக்கும். எலும்பு போயிடும்னு இவதான் புரிய வச்சா” என்று இவர் பெருமை பேசினார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு “நாத்தனாருக்கு இவ்வளவு செய்யறவங்க யாரு இருக்காங்க இந்தக் காலத்துல” என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மே 14, வியாழன்

அண்ணி டிஷ்யூ காகிதத்தில் எதையோ சுற்றி எடுத்து வந்தார். பிரித்தால் மணல் மாதிரி நான்கைந்து துகள். “காலைல வாய் கொப்பளிச்சப்ப வந்துச்சு. என்ன இது?”

எனக்குத் தெரியும். இடது பல்லுக்கு மேல் ஈறு கிழிந்து, வைத்த பொடி வெளியே வருகிறது. மேடம் கழுவி மருந்து வைத்தார். “சில பேருக்கு இப்படி ஆகும்” என்றார்.

அதற்கு முன், கழுத்தில் துணியை நான் கட்டிவிட்டபோது அண்ணி கேட்டார்: “அந்த மெலிசு எலும்பை என்ன பண்ணீங்க?”

“அது… மருத்துவக் கழிவுல போட்டுடுவோம் அண்ணி.”

“ம்.”

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மேடம் போனில் இருந்தார். இரண்டு நிமிடம் கிடைத்தது. முழுசாக இரண்டு நிமிடம். நான் என்ன செய்தேன்? துணியின் முடிச்சைச் சரிசெய்தேன்.

ஜூன் 8, திங்கள்

மேடத்திடம் கேட்டுவிட்டேன். “மேடம், அண்ணிகிட்ட சொல்லிடலாமா?”

“சொன்னா எலும்பு வந்துடுமா?”

அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அந்த ‘மெலிசு’ என்ற வார்த்தையைப் பிடித்தார். இப்போது இரண்டு பேரும் அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். நான் சொன்னால் மேடம் பொய்யர் ஆவார். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. ஏற்கெனவே பொய்க்காரிதான், அதில் என்ன புதுசு?

யார் என்ன சொன்னாலும் பள்ளத்துக்குள் நடப்பதை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பு வளர்த்தால் உண்டு. பல் தேய்க்கும்போது, துணி துவைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, வளர், வளர் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பைத்தியம் பிடித்தவள் மாதிரி.

ஜூலை 17, வெள்ளி

இன்று சொல்லிவிடலாம் என்று அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணிக்கு மதியப் பணியாம். நிம்மதியாகத் திரும்பி வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஆறு மாதம். ஸ்கேன்.

வலது பல்லுக்கு மேல் வெள்ளையாக நிரம்பியிருக்கிறது. இடது பல்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கறுப்பு. சுவரே இல்லை. பல்லை விரலால் தொட்டால் ஆடுகிறது, ஈறு மேலே ஏறி வேர் தெரிகிறது. மேடம் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். எத்தனை தடவை நகர்த்தினாலும் அதேதான்.

“இடது பல்லை எடுத்துடணும்” என்றார் மேடம்.

“எடுத்துடுங்க” என்றார் அண்ணி. அவ்வளவுதான். அன்றைக்கு “புடுங்கிப் போடுங்க” என்று எவ்வளவு சத்தமாகச் சொன்னார். இன்று கேட்கவே கேட்காத குரலில் சொன்னார்.

வெட்டி எடுத்த எலும்பைத் திரும்ப வைத்திருந்தால் நின்றிருக்குமா? மேடத்திடம் கேட்டேன். “நின்னிருக்கலாம், நிக்காமலும் போயிருக்கலாம். யாரால சொல்ல முடியும்?” என்றார். அதுவும் உண்மைதான். அந்த உண்மை எனக்கு ஒரு உபயோகமும் இல்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

பல்லை எடுத்தாயிற்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

பஞ்சை வைத்து அரைமணி நேரம் கடிக்கச் சொல்லி, அண்ணியைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார் மேடம். நான் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஆறு மாதமாகத் தேடிய நேரம் அப்போதுதான் கிடைத்தது. ஏன் அப்போது என்று இப்போது புரிகிறது. அரைமணி நேரத்துக்கு அண்ணியால் வாயைத் திறக்க முடியாது. ஊரையே பேச்சால் நகர்த்துகிற ஆள் பேச முடியாத நேரமாகப் பார்த்து நான் பேசினேன். என் தைரியம் அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு மெலிசாக இல்லை, கெட்டியாக இருந்தது. கிண்ணம் சிவந்தது. குழாயை வைத்தேன். வடிகட்டியில் இரண்டு துண்டாகக் கிடந்தது. “வேணும்னு பண்ணல அண்ணி. எங்க வேணா சத்தியம் பண்றேன்” என்று அழுதேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. வாயிலிருந்து பஞ்சை எடுத்து, மடித்து, தட்டில் வைத்தார். உதட்டோரம் ரத்தம்.

“துணி போட்டு மூடினது என் மூஞ்சியைத்தான். காதை இல்ல.”

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“நீ ஐயோன்னு கத்தினது, எலும்புன்னு சொன்னது, மேடம் சத்தம் போடாதீங்கன்னது… எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன். மரத்துப் போன வாய், என்னத்தைக் கேக்கறது?”

“அப்பவே தெரியுமா அண்ணி?”

“கை தவறிடுச்சுன்னு தெரியும். யாருக்குத்தான் தவறாது? நானே ஒரு நாள் அஞ்சாம் நடைமேடைக்குப் போக வேண்டிய ஜனத்தை ஆறுக்கு அனுப்பியிருக்கேன். உடனே மைக்குல தப்புன்னு சொன்னேன். அத்தனை பேரும் திட்டிக்கிட்டே திரும்பி ஓடி வந்தாங்க.” நிறுத்தினார். ரத்தத்தை விழுங்கினார். “மூணாவது நாள் உன் வீட்டுல வச்சுக் கேட்டேன். பேப்பர் மாதிரின்னே. சரி, பயந்துட்டா, நாலு நாள் போகட்டும்னு விட்டேன். நாலு நாளா போச்சு?”

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அண்ணி கையை எடுத்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. தானே புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

அண்ணி சாப்பாட்டுக்கு வரவில்லை. பதினெட்டு வருடத்தில் அவர் வராத முதல் ஞாயிறு. அறிவிப்பும் இல்லை.

இவரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லலையே” என்றார். அதையே இரண்டு தடவை சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனார். நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வா என்று அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 2, புதன்

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று மேடத்திடம் சொன்னேன். மேடம் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணிக்குத் தானே போன் செய்தார். என்ன பேசினார் என்று தெரியாது, வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. “மன்னிப்புக் கேட்டேன். அவங்க ‘சரி, அடுத்து என்ன செய்யணும்னு சொல்லுங்க’ன்னு மட்டும் கேட்டாங்க” என்றார்.

அடுத்து செய்ய வேண்டியது: அந்த இடத்தில் செயற்கைப் பல் பொருத்த எலும்பு போதாது. தாடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து அங்கே வைக்க வேண்டும். ஈறு ஆற மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 11, ஞாயிறு

அண்ணி வந்தார். இவர் கேலி செய்யவில்லை. கழற்றி மாட்டுகிற தற்காலிகப் பல் போட்டிருக்கிறார், பேசும்போது சில எழுத்து வழுக்குகிறது. “மேலதிகாரி என்னை ஒரு வாரம் டிக்கெட் கவுன்டருக்கு மாத்திட்டாரு. ஜனங்க அந்தப் பொண்ணு குரல் எங்கேன்னு கேக்கறாங்களாம்” என்றார். பெருமையாகவா, வருத்தமாகவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உப்பு குறைவு என்று சொல்லவில்லை. நானே ருசி பார்த்தேன், குறைவாகத்தான் இருந்தது.

டிசம்பர் 3, வியாழன்

தாடை எலும்பு எடுக்கும் நாள். காலையிலேயே எல்லாக் கருவிகளையும் நான்தான் கொதிக்க வைத்து, அடுக்கி, தட்டைத் தயார் செய்தேன். எலும்பு வைக்க, மூடி போட்ட தனிக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார் மேடம்.

அண்ணி உள்ளே வந்து நாற்காலியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மேடத்திடம் திரும்பினார். “இன்னிக்கு வேற ஆளு நிக்கட்டும் மேடம்.” சத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். மேடம் என்னைப் பார்த்தார். நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். அன்று உதவிக்கு வந்திருந்த மேடத்தின் தோழி, இன்னொரு டாக்டர், கை கழுவ எழுந்தார்.

வாசல் வரை போனவளை அண்ணி கூப்பிட்டார். “ஏய், இங்க வா.” காதுத் தோடு இரண்டையும் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவுடையவை அவை, குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடக்கி மூடினார்.

“இதையாவது பத்திரமா வச்சுக்கோ” என்றார்.

சிரித்தாரா என்று தெரியவில்லை. அதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது.

நோயாளிகளோடு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை. உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது, வாள் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும், அது நின்றால் இன்னும் பயமாக இருக்கும். பக்கத்தில் இருந்த ஒருவர், “உங்க யாருங்க உள்ள இருக்கறது?” என்று கேட்டார். “எங்க அண்ணி” என்றேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. கையைத் திறக்கவே இல்லை.